ஹலினா லிப்ட்டில் ஏறுவதில்லை

பயப்படாதே கண்ணு. நின்னுபோச்சு, அவ்வளவுதான். இது அப்பப்ப நிக்கும். கயிறு அறுந்து விழுகறதெல்லாம் சினிமாவுலதான். ஒன்பதை இன்னொருக்கா அமுத்திப் பாரு. வரலையா? சரி விடு. அந்த மஞ்சப் பொத்தானை அமுத்து, அது மணி. கீழ காவக்காரர் வீட்டுல அடிக்கும். ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குப் போயிருப்பாரு. வந்தப்பறம் கேக்கும். நமக்கென்ன அவசரம், பேசிட்டு நிப்போம். நான் இப்படியே கதவுல சாஞ்சு நிக்கறேன், முட்டி நோவுது.

போனை எடுக்காதே. சொல்றதைக் கேளு. ஹலினாவைப் பதற வெக்காதே. லிப்ட்டுன்னாலே அவளுக்கு ஆகாது. முப்பது வருசமா ஒன்பது மாடியும் படியிலதான் ஏறி எறங்கறா, தெரியுமா? காய்கறிப் பையோட. போன வருசம் பனியில விழுந்து கால்ல கட்டுப் போட்டிருந்தப்பக்கூட படிதான். நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். ஒரு தடவ மாட்டிக்கிட்டா, அந்தப் பயம். பொம்பளைக்கு ஒரு பயம் உள்ள புகுந்துருச்சுன்னா லேசுல போகாது.

நீ அவளைப் பாக்கத்தான் வந்திருக்கறே, தெரியும். கம்யூனிசம் போனதுக்கு அப்பறம் போலந்துல தலைமைக்கு வந்த பொம்பளைங்க, அப்படித்தானே உன்ற ஆராய்ச்சி? பஸ் ஸ்டாப்புல சொன்னியே. தாராபுரத்துப் பொண்ணு இத்தனை தூரம் வந்து இந்தக் குளிர்ல இதைப் படிக்கறே. சந்தோசம். ஆனா ஒன்னு சொல்றேன், அவகிட்டக் கேட்டா உனக்கு ஒன்னும் கெடைக்காது. 'அதெல்லாம் ஒரு காலம்'னு சொல்லிப்போட்டுக் கேக்கு வெட்டி வெப்பா. நீயும் தின்னுட்டுப் போகோணும். அதனால நான் சொல்றேன், கேட்டுக்க. போனை எடுக்கறதுன்னா அதுல பதிவு பண்ணிக்க, அதுக்கு ஆட்சேபணை இல்ல.

என்ற பேரு வெள்ளிங்கிரி. எழுதிக்க. இவங்க வாயில நுழையாது, 'பான் வெல்லி'ம்பாங்க. பான்னா இங்க ஐயா, பானின்னா அம்மா. சோமனூர்ல தறிச் சத்தத்துல பொறந்தவன் நான். கோயமுத்தூர்ல டெக்ஸ்டைல் டிப்ளமா முடிச்சப்ப இந்த நாட்டு அரசாங்கம் உதவித்தொகை குடுத்துக் கூப்பிட்டுது. அப்ப இது கம்யூனிஸ்ட்டு நாடு. ரொட்டிக்கு வரிசை, சோப்புக்கு வரிசை, செருப்புக்கு வரிசை. நான் அந்த செருப்பு வரிசையிலதான் ஹலினாவைப் பாத்தேன். எனக்கு முன்னால நின்னுட்டு, கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தா. எனக்குப் பாஷை அரைகுறை. ஆனா சண்டையில ஞாயம் அவ பக்கம்னு மட்டும் தெரிஞ்சுது. அன்னிக்கே விழுந்துட்டேன்னு வெச்சுக்க.

ரெண்டு பேருக்கும் இந்த ஊர் மில்லுல வேலை. எனக்குச் சாயப் பிரிவு, அவளுக்குத் துணியில பழுது பாக்கற பிரிவு. கல்யாணம் ஆச்சு, இந்தக் கட்டடத்துல ஒன்பதாவது மாடியில வீடு கெடைச்சுது, எங்க ஏவா பொறந்தா. ஏவா இப்ப அயர்லாந்துல இருக்கறா. நல்லாத்தான் இருந்தோம்.

அப்பறம் எண்பத்தி ஒன்பது. உனக்குப் புஸ்தகத்துல தெரியும். எனக்கு எப்படித் தெரியும்னா, என்ற வீட்டு வரவேற்பறையில சிகரெட்டுப் பொகையா நெறைஞ்சு போச்சு. அப்படித் தெரியும். ஹலினாவோட தொழிற்சங்கத்து ஆளுங்க பூரா எங்கூட்டுலதான். ராத்திரி பகல் பேச்சு. கட்சி போச்சு, எலெக்சன் வந்துச்சு, ஊருக்கு ஊரு புதுசா நகர மன்றம். இவ நின்னா, ஜெயிச்சா. தெருவுல போறப்ப சனம் நின்னு இவளுக்குக் கை குடுத்துச்சு. எனக்கும் குடுத்துச்சு, பொய் சொல்லக் கூடாது. 'பானி ஹலினாவோட இந்தியன்'னு சொல்லுவாங்க. குடை, பை, இந்தியன். அந்த மாதிரி.

இல்ல கண்ணு, பொறாமையெல்லாம் இல்ல. என்ன பேச்சு பேசறே! பொறாமைப்பட்டவன் அத்தனை பேருக்கும் சாம்பார் வெப்பானா? மன்றத்து ஆளுங்க முழுக்க எங்கூட்டுல உக்காந்து என்ற சாம்பாரை சூப்புன்னு நெனைச்சுக் கிண்ணத்துல ஊத்திக் குடிச்சாங்க. குடிச்சுப்போட்டு நாட்டை எப்படிக் காப்பாத்தறதுன்னு பேசினாங்க. ஒருத்தராச்சும் திரும்பி, 'பான் வெல்லி, நீங்க என்ன நெனைக்கறீங்க'ன்னு கேட்டதில்ல. ஒருத்தரும் கேக்கல. ஒறம்பரையா வீட்டுக்கு வந்தவங்க ஒரு வார்த்தை நல்லா இருக்கீங்களான்னு கேப்பாங்க நம்மூர்ல. சரி, அது கெடக்கட்டும்.

அங்க என்னத்தைப் பாக்கறே, என்ற தலைக்குப் பின்னால? அதுவா, அது ஏதோ எச்சரிக்கைப் பலகை. பழசு, பாதி எழுத்து உரிஞ்சு போச்சு. புகை பிடிக்காதே, எச்சில் துப்பாதேன்னு என்னமோ போட்டிருப்பான். இந்த லிப்ட்டை மாத்தறோம் மாத்தறோம்னு ஒவ்வொரு மேயரும் எலெக்சனுக்கு எலெக்சன் சொல்றான். ஜெயிச்சப்பறம் அவனவன் வீடு கீழ்த்தளத்துலதான்.

இன்னொருக்கா அமுத்திப் பாரு. வரலையா? கெரகம்.

எதுல விட்டேன்? ஆங், மேயர். முதல்ல ஒரு பூகோள வாத்தியாரை மேயர் ஆக்கினாங்க. அப்ப சனம் ஓட்டுப் போட்டு மேயரை எடுக்கறதில்ல, மன்றத்து ஆளுங்கதான் கை தூக்கி எடுக்கோணும். வாத்தியார் நல்ல மனுசன், ஆனா மில்லுல சம்பளம் நின்னுபோச்சு, கடையில வெலை ஏறிப்போச்சு, அவரைப் போட்டுப் பிச்சு எடுத்துட்டாங்க. தலைநகரத்துலயே பிரதம மந்திரி மாத்தி மாத்தி வந்த நேரம் அது. பேரைப் பழகறதுக்குள்ள ஆள் மாறிப்போயிரும். அங்கயே அப்படின்னா எங்க ஊரு எந்த மூலைக்கு? வாத்தியார் ராஜினாமா பண்ணிப்போட்டு மறுபடி பூகோளம் நடத்தப் போயிட்டாரு. அடுத்தது யாருன்னு வந்துச்சு. ஒரு பக்கம் ஹலினா. இன்னொரு பக்கம் பான் வில்க்.

வில்க் யாருன்னா, எங்க மில்லு டைரக்டர். கம்யூனிஸ்ட்டுக் காலத்துல கட்சிக்காரர். மே தினத்துக்கு முன் வரிசையில கொடி புடிச்சுப் போவாரு. ஒரே ராத்திரி, கட்சி கலைஞ்சுது, மறுநா பாத்தா சிலுவைச் சங்கிலி போட்டுட்டு சர்ச்சுல முன் பெஞ்சுல உக்காந்திருக்கறாரு! 'வியாபாரம்தான் நாட்டுக்கு வழி'ங்கறாரு. ஹலினாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எனக்கு அப்படி இல்ல. என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. வெல்லின்னு இல்ல, முழுசா, வெள்ளிங்கிரின்னு. இந்த ஊர்லயே அவர் ஒருத்தர்தான் அதை முழுசாச் சொல்லக் கத்துக்கிட்டவரு.

அந்த ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால என்னைக் கூப்பிட்டு விட்டாரு. காப்பி குடுத்தாரு. கொழந்தை எப்படி இருக்கறான்னு கேட்டாரு. 'உங்க மனைவி பெரிய ஆள் ஆகப் போறாங்க, எனக்குச் சந்தோசம்தான். ஆனா மேயரோட புருசன் இந்த மில்லுல எப்படி இருக்கறது? ஊர் என்ன பேசும்? நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போறதுதான் மரியாதை. உங்க தங்கற அனுமதி வேற வேலையோட கட்டினது இல்லையா, பாவம்'னாரு. அவ்வளவுதான். மெரட்டல் எல்லாம் ஒன்னும் இல்ல. தோள்ல தட்டிக் குடுத்து அனுப்பினாரு.

நான் வெளிய வந்து மில்லு வாசல்ல நின்னேன் கண்ணு. எங்க போறதுன்னு தெரியல. ஊருக்குப் போக முடியுமா? சோமனூர்ல என்ற அப்பன் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு, எம்பையன் ஐரோப்பாவுல ஆபீசர்னு. வெள்ளக்காரப் பொண்டாட்டி கட்டிட்டான்னு அம்மா நாலு வருசம் பேசல. எந்த மூஞ்சியோட போறது? இங்க இருக்கறதுன்னா வேலை இல்லாம, பொண்டாட்டி சம்பளத்துல, 'மேயரம்மாவோட இந்தியன்'னு. அந்தப் பக்கமும் செவுரு, இந்தப் பக்கமும் செவுரு. இப்ப இந்தப் பெட்டிக்குள்ள நிக்கறோமே, அன்னிக்கு வெட்டவெளியில நிக்கறப்ப இதைவிட மூச்சு முட்டுச்சு.

ஹலினாகிட்டச் சொன்னேனான்னு கேக்கறயா? எப்படிச் சொல்றது? அவ ராவும் பகலும் ஓடிட்டு இருந்தா. கண்ணுல அப்படி ஒரு வெளிச்சம். செருப்பு வரிசையில பாத்தேன் பாரு, அதே மூஞ்சி. அவளைப் போயி எதுக்குக் கலக்கோணும்? மனசுக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன். நான் அந்த மாதிரி ஆளு.

ஓட்டெடுப்பு அன்னிக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு டவுன் ஹால்ல. ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சரிசமம், இவ பக்கம் ஒரே ஒரு ஓட்டு கூட. அந்த ஒரு ஓட்டுன்னா அது இவளோடதுதான்னு வெச்சுக்க. நீலச் சட்டை போட்டுட்டா, முடியைத் தூக்கிக் கட்டிட்டா. அத்தனை அழகா இருந்தா. நான் சந்தோசமாத்தான் இருந்தேன், சத்தியமா. 'போயிட்டு வாரேன்'னா. போனா. நான் பால்கனியில நின்னு பாக்கறேன், அந்த மூலை வரைக்கும் போயிட்டா. அப்பத்தான் தெரியுது, அவ கண்ணாடி என்ற சட்டைப் பையில! பேச்சைப் படிக்கறதுக்குக் கண்ணாடி இல்லாம ஆகாது அவளுக்கு. காலையில அழுக்கா இருந்துச்சேன்னு தொடைச்சுக் குடுக்க வாங்கினவன், அப்படியே பையில போட்டுட்டேன். மறதிதான். சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். பாவம், திரும்பி ஓடி வந்தா.

ஏன் நான் கொண்டு போய்க் குடுக்கலன்னா? அட, வீட்டுச் செருப்புல நிக்கறேன் கண்ணு, வெளிய பனி. நீ என்ன வக்கீலாட்டம் கேக்கறே!

இப்பத்தான் முக்கியமான எடம். இந்த நாட்டுல ஒரு பழக்கம் இருக்குது. வீட்டை விட்டுக் கெளம்பினவங்க எதையாச்சும் மறந்து திரும்பி வந்தா, அப்படியே மறுபடி போகக் கூடாது. உக்காந்து, பத்து எண்ணிப்போட்டுத்தான் எந்திரிக்கோணும். இல்லாட்டிப் போன காரியம் வெளங்காது. படிச்சவங்க படிக்காதவங்க எல்லாரும் பண்ணுவாங்க. எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல ஒரே ஆச்சரியம். ஏன்னா நம்மூர்லயும் அதேதான? தடங்கலாப் போச்சுன்னா என்ன சொல்லுவாங்க உங்கூட்டுல? உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போம்பாங்க. ஆமா! எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

வந்தா, மூச்சு வாங்குது. கோட்டைக்கூடக் கழட்டாம முக்காலியில உக்காந்து எண்ண ஆரம்பிச்சா. நான் எங்கம்மா சொல்றாப்புலயே, 'ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போ'ன்னேன். அப்பறம் நெனைச்சேன், பனியில ஓடி வந்தவளுக்கு எதுக்குப் பச்சத்தண்ணி, ஒரு டீ போடலாம்னு. 'வேண்டாம் வெல்லி, நேரம் ஆச்சு'ன்னா. 'சகுனம் ஹலினா, விட்டுறாதே'ன்னு சொன்னேன். பாதி எண்ணினது மறந்துபோயி முதல்ல இருந்து எண்ணினா. டீ சூடு ஆற நேரம் ஆச்சு. நல்லா ஏலக்கா தட்டிப் போட்டேன். அம்மா அனுப்பின ஏலக்கா.

பொறவு பாரு, அவளைத் தனியா அனுப்ப மனசு வரல. செருப்பை மாத்திட்டு நானும் கூட வந்தேன், பையைத் தூக்கிட்டு. லிப்ட்டுல ஏறினோம். இதே லிப்ட்டுதான். ஏறக்குறைய இதே எடம், ஆறுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. நின்னுபோச்சு.

இப்ப நீ அமுத்தறாப்புலயே அவளும் அமுத்தினா, எல்லாப் பொத்தானையும். மணி அடிச்சா. காவக்காரர் எங்க இருக்கறாரு? அவரும் ஓட்டெடுப்பை வேடிக்கை பாக்க டவுன் ஹாலுக்குப் போயிட்டாரு, ஊரே அங்கதான். அவ கத்தினா. 'கத்தாதே, தொண்டை கட்டிரும், பேசோணுமில்ல'ன்னேன். அப்பறம் அவ பண்ணினா பாரு ஒரு காரியம். இந்த மடக்குக் கதவை இழுத்துத் தொறந்து, வெளிக்கதவையும் நெம்பிட்டு, அந்தச் சந்துல குதிச்சு எறங்கறேன்னு கெளம்பிட்டா! ஆள் விழுந்தா கீழ வரைக்கும் பள்ளம். நான் விடுவனா? இப்ப நிக்கறேன் பாரு, இதே மாதிரி, கதவைச் சாத்தி அதுல முதுகைக் குடுத்து நின்னுட்டேன். அடிச்சா. என்ற நெஞ்சுல ரெண்டு கையாலயும் அடிச்சா. 'நகரு வெல்லி, நகரு'ன்னு. நான் அசையல. அவ உசுரைக் காப்பாத்தினேன் கண்ணு. இத்தனை வருசத்துல அதுக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவ சொன்னதில்ல. அதுதான் எனக்கு வெசனம். வேற ஒன்னும் இல்ல.

எவ்வளவு நேரம்னு தெரியல. அவ அடிச்சு ஓஞ்சு, அந்த மூலையில குந்தி, மூஞ்சியை மூடிட்டா. நான் நின்னுட்டே இருந்தேன். கால் கடுத்துப்போச்சு. கடைசியில நானும் அவ பக்கத்துல போயி உக்காந்தேன். அவ எந்திரிச்சு, சும்மா, வெறுமனே பொத்தானை அமுத்தினா. கெளம்பிருச்சு! தானா கெளம்பிருச்சு. என்ன சொல்றது? மிசினுக்கும் மனசு வரோணும். அவ அப்படியே திரும்பி என்னைப் பாத்தா. கதவைப் பாத்தா. மறுபடி என்னைப் பாத்தா. கீழ போற வரைக்கும் பாத்துட்டே வந்தா. அதிர்ச்சி, பாவம்.

அவ ஓடிப் போறதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சுது. முதல் தடவ கை தூக்கறப்ப ரெண்டு பக்கமும் சமமா வந்துதாம். 'கொஞ்சம் பொறுங்க, பானி ஹலினா வந்துருவாங்க'ன்னு இவ ஆளுங்க கெஞ்சியிருக்காங்க. அதுக்கு எவனோ ஒருத்தன், 'அவ எப்படி வருவா? அவ புருசன்தான் வில்க்குகிட்ட காப்பி குடிச்சுட்டு வந்தானே, வெலை பேசி முடிச்சாச்சு'ன்னு ஒரு பேச்சு விட்டிருக்கான். அதைக் கேட்டு இவ ஆளு ஒருத்தரு மனசு விட்டுப்போயி ரெண்டாவது தடவ வில்க்குக்குக் கை தூக்கிட்டாரு. முடிஞ்சுது. இவ உள்ள நுழையறா, அவங்க வில்க்குக்குப் பூச்செண்டு குடுக்கறாங்க.

'எங்க போயிருந்தே?'ன்னு சங்கத்து ஆளுங்க எல்லாரும் சுத்தி நின்னு கேட்டாங்க. நானும் பின்னாலயே போயிட்டேன், வாசல்ல நின்னு பாத்தேன். இவ, 'லிப்ட்டுல மாட்டிக்கிட்டேன்'னா. அதுக்கு மேல ஒன்னும் சொல்லல. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. நீயே சொல்லு, லிப்ட்டுல மாட்டிக்கிட்டேன்னா எவன் நம்புவான்? ஒருத்தி சிரிச்சா. ஒருத்தர், இவளோட அத்தனை வருசம் சங்கத்துல கூட இருந்தவரு, தரையில துப்பிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் எங்கூட்டு வரவேற்பறையில பொகையே இல்ல. ஒருத்தரும் வரல. ஒரு மாசத்துல மன்றத்துல இருந்து எழுதிக் குடுத்துட்டு விலகிட்டா. வித்துட்டவள்னு இன்னிக்கும் இந்த ஊர்ல சில கெழடுங்க சொல்லும். ரொட்டிக் கடையில என்ற காதுபடவே சொல்லும். அவ கேக்காத மாதிரி ரொட்டியை வாங்கிட்டு வந்துருவா. சண்டைக்காரி கண்ணு அவ! செருப்பு வரிசையில கடைக்காரனை அந்தக் கிழி கிழிச்சவ. எங்க போச்சு அந்தச் சத்தம்னு நான் இன்னிக்கும் நெனைச்சுப் பாப்பேன்.

வில்க்கா? மறு வருசமே மில்லை வித்துட்டாரு. மிசினைப் பிரிச்சுப் பழைய இரும்புக்குப் போட்டாங்க. என்ற வேலையும் அதோட போச்சு. ஆனா மனுசன் என்னை மறக்கல. வீட்டு வசதிச் சங்கத்துல இந்தக் கட்டடங்களைப் பாத்துக்கற வேலை போட்டுக் குடுத்தாரு, ஓய்வு பெறற வரைக்கும் இருந்தேன். நான் ஒன்னும் கேக்கல, அவரா குடுத்தாரு. ஹலினா அந்த வேலைக்குப் போகாதேன்னாளா? இல்ல. போன்னும் சொல்லல. அன்னில இருந்து அவ எதுக்குமே வேண்டாம்னு சொன்னதில்ல. டீ குடுத்தா குடிப்பா. ஊருக்குப் போலாம்னா வருவா. ஒரே வீட்டுல, ஒரே மேசையில, முப்பது வருசமா அவ என்ன நெனைக்கறான்னு ஒரு நாளாச்சும் எனக்குத் தெரிஞ்சதில்ல கண்ணு. கதவைத் தட்டிட்டே இருக்கற மாதிரி இருக்கும், உள்ள ஆள் இருக்குதுன்னு தெரியும், தொறக்க மாட்டேங்குது. ஒருத்தன் எத்தனை நாளைக்குத் தட்டுவான்?

ஏங்கண்ணு, அழுகறயா? இல்லையா? சரி, சரி. எனக்குத்தான் கண்ணு கலங்குது போல.

இரு, அதான் போனை எடுக்காதேன்னேன்ல? ம்... சரி, பண்ணு. ரொம்ப நேரம் ஆச்சுதான். அவ கேக்கு வேற அடுப்புல வெச்சிருப்பா. பதறாமச் சொல்லு. சும்மா, லிப்ட்டு நின்னுருச்சு, ரெண்டு பேரும் நல்லா இருக்கறோம்னு சொல்லு. உன்ற போலிஷ் நல்லாத்தான் இருக்குது, என்னைவிடத் தேவலை.

என்ன சொல்றா? பதறறாளா?

நான் எங்க நிக்கறேன்னு கேக்கறாளா?

இதென்ன கேள்வி! லிப்ட்டுக்குள்ளதான் நிக்கறேன், வேற எங்க நிப்பேன்? சொல்லு அவகிட்ட. ...லிப்ட்டுக்குள்ள எங்கன்னா? கதவுகிட்ட. முட்டி வலிக்குதுன்னு சாஞ்சு நிக்கறேன்னு சொல்லு.

என்னது?

கதவை விட்டு இந்தப் பக்கம் வரச் சொல்றாளா? எதுக்கு? ...சரி, வந்துட்டேன். உன்ற பக்கத்துல வந்துட்டேன். இப்ப என்ன? நீ ஒன்பதை அமுத்தோணுமா? அதான் அத்தனை தடவ அமுத்திப் பாத்தமே. அமுத்து, அமுத்து. பெரியவங்க சொன்னா...

ஓ.

போகுது.

ஆறு. ஏழு.

இது... தானா... சில நேரம் இப்படித்தான். மிசினுக்கு...

போனை வெச்சுட்டாளா? வேற ஒன்னும் சொல்லலையா? அவ குரல் எப்படி இருந்துச்சு? கோவமா? இல்ல... சும்மா, வெங்காயம் இருக்குதான்னு கேக்கறாப்புலயா? அப்படியா கேட்டா?

அந்தப் பலகையைக் கொஞ்சம் படி கண்ணு, எனக்குக் கண்ணாடி இல்ல. இப்பத்தான் முழுசாத் தெரியுதுல்ல, நான் மறைக்காம. என்ன போட்டிருக்குது? ...வேண்டாம். படிக்காதே. இத்தனை வருசம் இந்தக் கட்டடத்துல வேலை பாத்தேன், எனக்குத் தெரியாதா என்ன போட்டிருக்குதுன்னு.

ஒன்பது வந்துருச்சு. எறங்கு. அதோ, அவதான், வாசல்லயே நிக்கறா பாரு. உள்ள போயிக் கை குடு, வாசப்படியில நின்னு குடுக்காதே, இந்த நாட்டுல அது ஆகாது. உனக்கு என்ன வேணுமோ கேளு. நான் சொன்னதை வெச்சுக் கேக்காதே, மொதல்ல இருந்து கேளு. அவ சொல்லுவா. உன்கிட்டச் சொன்னாலும் சொல்லுவா.

நானா? நான் பொறவு வாரேன். ஒரு தடவ கீழ போயிட்டு வந்தர்றேன். நீ கதவைச் சாத்து.

இல்ல கண்ணு. கதவுல சாய மாட்டேன்.